கண்மாயைக் குழி என்று நினைத்த வரைபடம்

வைகை நேரே கடலுக்குப் போவதில்லை. வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. அங்கே மிஞ்சினால்தான் கடலுக்குத் தண்ணீர். வழியெல்லாம் கண்மாய்கள். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. சுமார் 7,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை எந்த ஓடையில் இறங்கி எந்தக் கண்மாயில் சேர்கிறது என்று தெரியாமல், எங்கே தடுப்பணை கட்டுவது, எந்தக் கால்வாயை முதலில் தூர்வாருவது என்று முடிவெடுக்க முடியாது.

முன்பெல்லாம் நில அளவை வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் பார்த்து, ஓடைகளைக் கையால் வரைந்து இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஒரு சிறு வடிநிலத்துக்கே வாரக்கணக்கில் ஆகும்.

2000 பிப்ரவரியில் இது மாறத் தொடங்கியது. எண்டவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றியது. கலத்தில் ஒரு ரேடார் ஆன்டெனா. 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. தரையில் பட்டுத் திரும்பிய அலை இரண்டுக்கும் சற்று வேறுபட்டு வந்து சேர்ந்தது. அந்த வேறுபாட்டிலிருந்து உலக நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கு உயரம் கணக்கிடப்பட்டது. 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்தியாவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் வேறு வழியில் அதையே செய்தது. முன்னே சாய்ந்த கேமரா ஒன்று, பின்னே சாய்ந்த கேமரா ஒன்று. இரண்டு கண்ணால் பார்த்தால் ஆழம் புலப்படுவதுபோல, ஒரே இடத்தின் இரு படங்களிலிருந்து மேடுபள்ளம் கிடைத்தது.

உயரம் தெரிந்துவிட்டால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். நிலம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களில் மிகச் சரிவான பக்கம் தண்ணீரை அனுப்புகிறது. இப்படி ஆயிரம் கட்டங்களின் தண்ணீர் ஒன்றுகூடும் இடம் ஓடை. மலையுச்சியில் தொடங்கும் சிற்றோடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை ஓடைகள் கூடினால் இரண்டாம் வரிசை. அமெரிக்கர்களான ஹார்ட்டனும் ஸ்ட்ராலரும் வகுத்த இந்த வரிசைமுறை களத்தில் நேரடியாகப் பயன்படுகிறது. சிறு தடுப்பணைகளுக்குப் பொதுவாகக் கீழ்வரிசை ஓடைகளே ஏற்றவை. பெரிய ஓடையில் வெள்ளத்தின் வேகம் அவற்றைப் பெயர்த்துவிடும். ஒரு சதுர கிலோமீட்டருக்குள் ஓடைகள் நெருக்கமாக இருந்தால், பெரும்பாலும் அடியில் தண்ணீர் இறங்காத நிலம் என்று பொருள். மழை அங்கே தங்காமல் வழிந்தோடிவிடும்.

வருசநாட்டு மலைச்சரிவில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் சமவெளியில் வருகிறது.

உயரத் தரவில் ஆங்காங்கே பொய்யான பள்ளங்கள் விழுந்திருக்கும். தண்ணீரின் பாதை அவற்றில் அறுந்துவிடாதபடி, கணக்கைத் தொடங்கும் முன்பே மென்பொருள் எல்லாப் பள்ளங்களையும் நிரப்பி மட்டமாக்கிவிடும். கரை கட்டித் தண்ணீர் தேக்கிய கண்மாயும் அதற்கு ஒரு பள்ளம்தான்! தலைமுறை தலைமுறையாக மக்கள் வெட்டிக் காத்த நீர்நிலை, ஒரு கட்டளையில் வரைபடத்திலிருந்து மறைந்துவிடுகிறது. எண்டவர் தரவு உயரத்தை முழு மீட்டர்களில்தான் சொல்கிறது. அதன் கட்டம் 30 மீட்டர் அகலம். நாலைந்து மீட்டர் அகல வரத்துக்கால் அதற்குள் எப்படித் தெரியும்? ராமநாதபுரம் பக்கத்துச் சமவெளியில், தெற்கே போகும் தண்ணீரை வரைபடம் கிழக்கே அனுப்பிவிட இதுவே போதும்.

ஆகவே சமவெளிக்கு வரும்போது வேலையை மாற்றிச் செய்ய வேண்டியிருக்கிறது. கண்மாய் எல்லையையும் கரையையும் நுண்ணிய செயற்கைக்கோள் படங்களிலிருந்து தனியாக வரைந்து, வரத்துக்கால் ஓடும் கட்டங்களின் உயரத்தை வேண்டுமென்றே குறைத்து, தண்ணீரை அந்த வழிக்குத் திருப்புகிறார்கள். எது உண்மையான வரத்துக்கால் என்று சொல்ல வருவாய்த்துறையின் புல வரைபடம் வேண்டும். அதைவிட முக்கியமாக, ஊரின் நீர்ப்பாய்ச்சி வேண்டும். எந்த மடையை எப்போது திறப்பது, மறுகால் தண்ணீர் யார் வயலோரம் திரும்புகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நீர்ப்பாய்ச்சி முறை பல ஊர்களில் அருகிவருகிறது. அவர்களுக்குத் தெரிந்ததை இருக்கும்போதே வரைபடத்தில் ஏற்றுவது, இன்னொரு செயற்கைக்கோள் தரவை வாங்குவதைவிட அவசரமானது.

பழைய படங்களுக்கும் ஒரு பயன் உண்டு. லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படமெடுத்து வருகின்றன. 2008-லிருந்து அந்தச் சேமிப்பு இலவசம். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அப்படங்களில் கருமையாகத் தெரியும். அன்று கருத்திருந்த கண்மாயின் ஒரு மூலையில் இன்று வீட்டுமனைகள் வந்திருந்தால், இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தாலே புலப்பட்டுவிடும்.

ஆனால் கண்மாய்கள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். சாதாரணக் கேமராவுக்கு மேகம் மறைப்பதும் அப்போதுதான். 2014-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1, 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இந்திய-அமெரிக்க நைசார் ஆகிய ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கின்றன. அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கருப்பாக விழும். மழைக்காலத்தில் இப்படங்களை வரிசையாகப் பார்த்தால், சங்கிலியில் எந்தக் கண்மாய் எப்போது நிறைந்தது என்று சொல்லலாம். மேல் கண்மாய் ததும்பி நிற்கும்போது கீழ்க் கண்மாய் காய்ந்து கிடந்தால், இடையிலுள்ள வரத்துக்காலைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்: தூர்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம், மேலே சாலை போட்டவர்கள் குழாய் பதிக்க மறந்திருக்கலாம். மழை முடிவதற்குள் கண்டுபிடித்தால், அந்த ஆண்டே சரிசெய்ய நேரம் இருக்கும்.