பழைய காரும் புதிய எஞ்சினும்

ஈழத்தில் நாதசுரம், தவில் என்றவுடன் அளவெட்டியின் பெயரும் கூடவே வரும். என். கே. பத்மநாதனின் நாதசுரமும், இவ்வூரில் வாழ்ந்த தட்சிணாமூர்த்தியின் தவிலும் கடல் கடந்து புகழ் பெற்றவை. ஆனால், திருவிழாக்களுக்கு மேளகாரரை ஏற்றிச் சென்ற வாடகைக் கார்களை இன்று நினைப்பவர் மிகச் சிலரே. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 என்பன அவை. கூரைமேல் இரும்புக் கரியர் பூட்டி, உறையிட்ட தவில்களை அதன்மேற் கயிற்றாற் கட்டி, உள்ளே ஆறேழு பேர் நெருங்கியிருக்க, இரவிரவாக ஓடிய கார்கள். என் பெரியதகப்பனாரிடமும் அவ்வாறான ஏ 40 ஒன்று இருந்தது. 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் எஞ்சின். அந்தக் காரின் கதையைச் சொன்னால், இன்று வாகனம் வைத்திருப்போர் பலர் கவனியாது விடும் காரியமொன்று விளங்கும்.

கரியர் பூட்டியதே அக்கார் கண்ட முதல் மாற்றம். இரண்டாவது மாற்றம் போரினால் வந்தது. 1990 இற் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. கிடைத்தாலும், துளித் துளியாக எண்ணிச் செலவிடும் பொருளாயிற்று. அப்பொழுது நம்மவர் கண்ட வழியை அக்காலத்துச் சிறுவர் எவரும் மறந்திரார். சிறிய போத்தலொன்றிலிருந்து சில துளி பெற்றோலை எஞ்சினுக்கு ஊட்டி அதனை உயிர்ப்பிப்பர். எஞ்சின் நன்கு சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில் ஆகும். பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்ததாகையால், அவை முனகிக்கொண்டேனும் ஓடின. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் ஓயிலுடன் கலந்து அதனை நீராக்கிவிடும், புகையோ சொல்லுந்தரமன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, எங்கள் கார் ஆறு முதியவர்களைச் சுமந்துகொண்டு அந்தப் புகையோடுதான் ஊர்ந்தது. எரிபொருளை மாற்றினோமே, காப்புறுதி என்னாவது என்று அன்று எங்கள் வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாற் சிரித்திருப்பார்கள்.

மூன்றாவது மாற்றமே வினையாயிற்று. பெரியதகப்பனாருக்குப் பின் கார் அவர் மகனிடம் வந்தது. நான் அண்ணை என்றழைக்கும் அவருக்கு அதனைக் கைவிட மனமில்லை. 2020 மார்ச் தொடங்கி 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்திற் பழைய வாகனங்களுக்கு வாழ்வு வந்தது. அக்காலத்தில் அவர் ஏ 40 இன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, யப்பானிய வான் ஒன்றிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைப் பூட்டுவித்தார். காருக்குப் புதிய வர்ணமும் பூசினார். கல்யாண வீட்டார் மணமக்களுக்காக அதனைக் கேட்டு வரலாயினர். முழுக் காப்புறுதியும் எடுத்தார். காப்புறுதிப் படிவத்தை நிரப்பியவர் முகவர். பதிவுப் புத்தகத்திற் கண்டபடி, பெற்றோல், 1200, சொந்தப் பாவனை என்று எழுதினார். ஆங்கிலத்திலிருந்த அப்படிவத்தின் அடியில் அண்ணை ஒப்பமிட்டார்.

ஒரு நாள் கல்யாணம் ஒன்று முடிந்து திரும்பும் வழியில், மல்லாகம் சந்தியில் வெற்றிலை வாங்கக் காரை நிறுத்தினார். திரும்பவும் தொடக்கியபோது புகை எழுந்தது, பின்னர் தீ. டீசல் எஞ்சினைச் சுழற்றப் பெருமளவு மின்னோட்டம் வேண்டும். பழைய மெல்லிய வயர் அதனைத் தாங்கவில்லை. கடைக்காரர் மண் அள்ளிப் போட்டு அணைத்தனர். மனிதர் எவருக்கும் தீங்கில்லை. காரின் முன்பாதி கருகிற்று.

இழப்பு மதிப்பீட்டாளர் வந்தார். எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டார். மேலும் ஒன்றும் வினவவில்லை. நான்கு மாதங்களின் பின் கடிதம் வந்தது: எஞ்சின் மாற்றத்தையும் கல்யாணப் பாவனையையும் அறிவிக்காமையால் இழப்பீடு இல்லை.

அண்ணைக்கு வந்த கோபம் சிறிதன்று. “முகவர் எங்கடை முற்றத்திலை நிண்டுதானே எழுதினவர். டீசல் எஞ்சின்ரை சத்தம் அவற்றை காதிலை விழேல்லையோ, தம்பி?” என்றார். கேள்வி நியாயமானது. சட்டமும் அதனை அறியாததன்று.

காப்புறுதி, ஏனைய வியாபாரங்களைப் போன்றதன்று. மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். காப்புறுதி நிறுவனமோ உடையவரின் வாய்ச்சொல்லை நம்பியே இடரின் அளவைக் கணிக்கிறது. ஆகவே இரு பாலாரும் முழு நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டுமென்று 1766 இல் இலண்டனில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்புரைத்தார். சுமாத்திராவில் இருந்த ஆங்கிலக் கோட்டையொன்றை அதன் ஆளுநர் கார்ட்டர் காப்புறுதி செய்திருந்தார்; பிரெஞ்சுக்காரர் அதனைப் பிடித்துக்கொண்டனர். கோட்டையின் பலவீனத்தை மறைத்தார் என்று காப்புறுதி செய்தவர் வாதாடினார். நல்லெண்ண விதி பிறந்த அந்த வழக்கில் வென்றவர் கார்ட்டரே என்பதைப் பலர் அறியார். காப்புறுதி செய்பவர் தாமே அறிந்ததையும் அறிந்திருக்க வேண்டியதையும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார் மான்ஸ்பீல்ட். அண்ணையின் கேள்வி இதுவே.

ஆனால் அதற்கு எதிராக நிற்பது ஒப்பமிட்ட படிவம். 1922 இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கொன்றில், கிளாஸ்கோ நிறுவனமொன்றின் லொறி தீயில் அழிந்திருந்தது. லொறி நிறுத்திவைக்கப்படும் இடம் எது என்ற கேள்விக்கு, நகரிலுள்ள அலுவலக முகவரியைத் தவறுதலாக எழுதியிருந்தனர். அத்தவறு இடரை மிகுவிக்கவில்லை. ஆயினும், விடைகளே ஒப்பந்தத்தின் அடிப்படை என்று படிவம் கூறியமையால் நிறுவனத்தாருக்குப் பணம் கிடைக்கவில்லை. இத்தகைய வாசகத்தின் வலிமையை இங்கிலாந்தார் 2012 இலும் 2015 இலும் இயற்றிய சட்டங்களால் ஒழித்துவிட்டனர். இலங்கையிலோ, 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி முதலியவற்றில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றச் செய்தது. நல்லெண்ண விதி நம்மிடம் வந்த வழி அது.

எப்பொழுது சொல்ல வேண்டும் என்பதிற் பலருக்கு மயக்கமுண்டு. ஒப்பந்தம் செய்யும்போது சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போதும் சொல்ல வேண்டும். ஏனெனிற் புதுப்பித்தல் புதிய ஒப்பந்தமே. ஆண்டின் நடுவில் மாற்றம் செய்தால், பத்திரத்தின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். மாற்றங்களை உடனே அறிவிக்குமாறு கேட்கும் நிபந்தனை அங்கிருக்கலாம். வாயாற் சொல்வது போதாது. கடிதம் எழுதி, பிரதியை வைத்துக்கொண்டு, மாற்றம் பத்திரத்தில் ஏறிய சான்றையும் கேட்டுப் பெறுவதே தக்கது. எஞ்சின், எரிபொருள், நிறம் என்பன பதிவு விபரங்களாகையால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவித்தல் வேண்டும். கூரைக் கரியர், கறுப்புக் கண்ணாடித் தாள், கூட்டிய இருக்கை, காஸ் தாங்கி யாவும் சொல்லத்தக்கனவே. சொன்னாற் கட்டுப்பணம் கூடலாம், கூடாமலும் விடலாம்.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் ஆட் காப்புறுதி பிறருக்கு நேரும் தீங்குக்கானது. நம்முடைய கார் கருகினால் அது உதவாது.

முகவர்மீது எனக்கும் மனக்குறை உண்டு. நமது மொழியிற் படிவம் தந்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டியிருந்தால் அண்ணை பொய் சொல்லியிரார். ஆனால், எரிந்தது அவர் மாற்றிய எஞ்சினுக்குப் பொருந்தாத வயர் என்பதையும் நான் மறைத்தற்கில்லை. வாசியாமல் ஒப்பமிட்டதும் அவருடைய கையே.

கார் திருந்தி வந்துவிட்டது. செலவு முழுவதும் அண்ணையுடையது. இம்முறை வேறு நிறுவனத்தின் படிவத்துடன் கும்பிழாவளைப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். இருவருமாக இருந்து எழுதினோம். டீசல் என்று எழுதினோம். யப்பானிய எஞ்சினின் இலக்கத்தை எழுதினோம். கல்யாணப் பாவனையையும் கூரைக் கரியரையும் எழுதினோம். தடித்த புதிய வயரைக்கூட எழுதினோம். அவர் எழுந்து முற்றத்தில் நின்ற காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

“முன்னுக்கு ஒட்டியிருக்கிற பிள்ளையாரையும் எழுத வேணுமோ, தம்பி?” என்றார்.