சந்திரபாபு தட்டிய கதவு

திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை முதலிய கிராமங்களின் தெருக்கூத்தில், அரசனையும் கேலி செய்து சபையை விடிய விடியச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனை நன்கறிந்த நேயர்களுக்கு, திரையுலகின் கட்டியங்காரனாகவே விளங்கிய ஜே. பி. சந்திரபாபுவின் சரிதத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1927-இல் தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் பால்யத்தைக் கழித்து, 1947-இல் ‘தன அமராவதி’ மூலம் திரையில் பிரவேசித்த அவர், குரலைச் சட்டென ஏற்றியிறக்கிப் பாடும் மேனாட்டு யோடலிங் பாணியைத் தமிழ்ப் பாட்டில் இசைவாகச் சேர்த்து, அபார கீர்த்தி பெற்றார். ஆயினும் அவரது விவாகம் சொற்ப காலத்தில் முறிந்தது; மதுவும் பெத்தடின் என்ற போதை ஊசியும் சரீரத்தை அரித்தன. அந்த வேதனைகளுக்கு நடுவிலும், பிறர் அளிக்கும் வேஷத்திற்குக் காத்திராமல், தாமே எழுதி இயக்கி, நடிகை சாவித்திரியுடன் நடித்து, 1966-இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்ற படத்தை அவர் வெளியிட்டாரே, அந்தத் துணிவு மகத்தானது. படம் வசூலில் தோற்றது. அது ரசிகர்களாகிய நமக்கே பெருநஷ்டம். 1974 மார்ச் 8 அன்று, 46-ஆம் வயதில், அவர் காலமானார். அவரது வித்தையை அறிய விழையும் இளைஞர்கள், 1958-இன் ‘சபாஷ் மீனா’வில் அவர் ஏற்ற இரட்டை வேஷத்தை முதலில் காணலாம்.