தெருக்கூத்தில் தாளம்

தாளம் என்பது தெருக்கூத்தில் பாட்டு, ஆட்டம், மத்தளம் ஆகிய மூன்றையும் ஒரே காலக்கணக்கில் நிறுத்தும் கஞ்சக்கருவி ஆகும். கிண்ணம் போன்ற இரு சிறு உலோகத் தட்டுகளால் ஆன இக்கருவி, வட்டாரத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்பக் கைத்தாளம், குழித்தாளம், ஜால்ரா, சிங்கி எனப் பல பெயர்களில் வழங்குகிறது. பார்வைக்கு எளிய கருவியாகத் தோன்றினாலும், விடிய விடிய நடக்கும் கூத்தின் நடை குலையாமல் காப்பது இதுவே.

பின்புலம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே கல்வராயன் மலையும், அம்மலையில் தோன்றும் கோமுகி ஆறு பாயும் சமவெளியும் இம்மாவட்டத்தில் அடங்கும். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த இப்பகுதியில் தெருக்கூத்து வழிபாட்டோடு இணைந்தது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெறும். படுகளமும் தீமிதியும் விழாவை நிறைவு செய்யும். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரை விழாவும் பாரதக் கதையில் வரும் அரவான் களப்பலியை அடிப்படையாகக் கொண்டதே.

கூத்தின் இசைக்குழுவில் மத்தளம் அல்லது மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை இடம்பெறும். இக்குழுவினர் களரியின் பின்புறம் அமர்ந்தோ நின்றோ வாசிப்பர்.

உலோகம்

நல்ல தாளம் வெண்கலத்தால் வார்க்கப்படுகிறது. மணி வார்க்கப் பயன்படும் வெண்கலத்தில் ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் இருக்கும். வெள்ளீயம் கூடும்போது உலோகம் கடினமாகி நீண்ட நேரம் ஒலிக்கும். ஆனால் கீழே விழுந்தால் எளிதில் விரிசல் விடும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை மலிவானது, எளிதில் உடையாதது. எனினும் அதன் ஒலி விரைவில் அடங்கிவிடும்.

உலோகத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவைத் தமிழ்ப் பக்தி மரபும் கதையாகச் சொல்கிறது. சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவில், கையால் தாளமிட்டுப் பாடிய குழந்தை திருஞானசம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் அளித்தார் என்பது வரலாறு. பொன் மென்மையான உலோகம் ஆதலால் அதில் ஓசை எழவில்லை என்றும், அம்மையே அதற்கு ஓசை கொடுத்தார் என்றும் தலவரலாறு கூறுகிறது. அங்குள்ள இறைவி ஓசை கொடுத்த நாயகி என்று அழைக்கப்படுகிறார்.

இணையைத் தேர்ந்தெடுத்தல்

தாளம் வாங்கும்போது கீழ்க்காண்பவை கவனிக்கப்படுகின்றன.

கனம்: விட்டம் ஒன்றாக இருந்தால், தடித்த தட்டு உயர்ந்த சுருதியிலும் மெல்லிய தட்டு தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். திறந்தவெளியில் மத்தளத்தையும் முகவீணையையும் மீறிக் கேட்க வேண்டிய கூத்துக்குக் கனத்த இணை பொருந்தும். வீட்டுப் பஜனைக்கு அதே இணை காதைக் குத்தும்.

சுருதிப் பொருத்தம்: இரு தட்டுகளின் சுருதியும் மிக நெருங்கி, ஆனால் சற்றே வேறுபட்டு இருந்தால் ஒலியில் அலை போன்ற ஏற்ற இறக்கம் தோன்றும். ஒவ்வொரு தட்டையும் கயிற்றில் தொங்கவிட்டுத் தனித்தனியே தட்டிப் பார்த்தால் இது தெரியவரும்.

விளிம்பு: கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காது காட்டிக்கொடுக்கும். விரிசல் விட்ட தட்டு நீண்டு ஒலிக்காமல் கரகரக்கும்.

வாசிக்கும் முறை

தட்டின் நடுக்குமிழில் உள்ள துளை வழியாகக் கயிறு கோத்து, அதை விரலில் சுற்றிப் பிடிப்பர். இடக்கைத் தட்டு மேல்நோக்கி இருக்க, வலக்கைத் தட்டின் விளிம்பு அதன்மேல் சற்றுச் சாய்வாக விழ வேண்டும். இரு தட்டுகளும் முழுமையாகப் பொருந்தும்படி அடித்தால் இடையே காற்று அடைபட்டு ஒலி மழுங்கும்.

அடித்தவுடன் விலக்கினால் திறந்த ஒலியும், சேர்த்துப் பிடித்தால் அடைத்த ஒலியும் கிடைக்கும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிக் கையாண்டு தாளத்தின் உறுப்புகள் உணர்த்தப்படுகின்றன. 8 எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் தொடக்க அடி அழுத்தமாக விழும். 7 எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு 3, 4 எனப் பிரியும். இதில் பிரிவின் இடம் பிசகினால் பாடுபவரும் ஆடுபவரும் தடுமாறுவர்.

கூத்தில் பங்கு

திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் வெளிப்படும் கட்டத்தில் காலம் படிப்படியாக விரைவுபடும். கிரீடமும் புஜக்கட்டைகளும் அணிந்து அவர் சுழன்று ஆடும் கிறிக்கியின்போது மத்தளம் பல சொற்களை அடுக்கி வாசிக்கும். அப்போது எளிய அடியை மாற்றாமல் வைத்திருப்பது தாளக்காரரின் பொறுப்பு. தாளம் போடுபவரே பின்பாட்டும் பாடுவதுண்டு. ஆகவே வாய் ஒரு கணக்கிலும் கை மற்றொரு கணக்கிலும் செல்லும் பயிற்சி அவருக்குத் தேவைப்படுகிறது. விடியற்காலையில் ஆட்டக்காரர் களைத்திருக்கும்போது காலத்தை இழுக்கவிடாமலும் ஓடவிடாமலும் பிடித்து வைப்பது இப்பணியின் கடினமான பகுதியாகும்.

பிற மரபுகளில்

நாதசுவரக் கச்சேரியில் தவில்காரர் ஐந்தும் ஏழுமாகக் கணக்குகளைப் பின்னும்போது தாளக்காரர் அசையாமல் நிற்க வேண்டும். பரதநாட்டியத்தின் நட்டுவாங்கத்தில் வெவ்வேறு உலோகத்தால் ஆன இரு தட்டுகள் பயன்படுகின்றன. நட்டுவனார் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே ஆடுபவரின் கால் அடியைத் தாளத்தில் ஒலிக்கச் செய்வார். மேலைநாட்டு டிரம்ஸ் தொகுதியில் காலால் இயக்கப்படும் ஹை-ஹேட் என்னும் இணைத்தட்டும் திறந்த ஒலி, அடைத்த ஒலி என்ற அதே முறையிலேயே செயல்படுகிறது. அத்தொகுதியின் உயர்தரத் தட்டுகளும் ஏறத்தாழ 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலமே.

போற்றப்படும் கலைஞர்கள்

தெருக்கூத்தில் புரிசை கண்ணப்ப தம்பிரான் நடிகராகவும் வாத்தியாராகவும் மதிக்கப்பட்டார். நட்டுவாங்கத்தில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954), வழுவூர் இராமையா பிள்ளை (1910–1991) ஆகியோர் முன்னோடிகள். ஆண்களே இருந்த இத்துறையில் கே. ஜே. சரசா பெண் நட்டுவனாராகப் புகழ்பெற்றார். தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949), யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) ஆகியோர் லயத்துக்காக இன்றும் போற்றப்படுகின்றனர். இத்தகைய மேதைகளின் வாசிப்புக்குத் தாளமிட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவு செய்யப்படுவதில்லை.

சொல்வழக்கு

பேச்சுத் தமிழில் ‘ஜால்ரா அடித்தல்’ என்பது பிறர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவதைக் குறிக்கும் வசையாகும். ‘சிங்கி அடித்தல்’ என்பது வறுமையில் வாடுவதைக் குறிக்கிறது. முதல் வழக்கு கருவியின் உண்மையான பணிக்கு நேர்மாறானது. பாடுபவர் இழுத்தாலும் மத்தளக்காரர் விரைந்தாலும் தாளக்காரர் இணங்கிப் போவதில்லை. மற்றவர்களே அவருடைய அடிக்குத் திரும்பி வந்து சேர்கின்றனர்.