யோகாப்பியாசமும் அகவளர்ச்சியும்

யோகம் என்னும் சொல்லைச் செவியுற்ற அளவில், தலை கீழாகவும் கால் மேலாகவும் நிற்கும் ஒருவரது உருவமே நம்மிற் பெரும்பாலார் மனக்கண்முன் தோன்றுகின்றது. ஐக்கிய நாடுகள் சபையார் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜூன் 21-ஆம் நாளை உலக யோக தினமாக அறிவித்தனர். அடுத்த ஆண்டு முதல், மக்கள் பெருந்திரளாக மைதானங்களிற் கூடி ஆசனஞ் செய்யும் படங்களைப் பத்திரிகைகளிற் காண்கின்றோம். காட்சி இனியதே. ஆயினும் அப்படங்களில் அகப்படாத பகுதியே யோகத்தின் பெரும்பகுதியாம் என்பதை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

யோகமென்பது 'யுஜ்' என்னும் வடமொழி வினையடியாற் பிறந்த சொல். மாட்டை நுகத்திற் பூட்டுதல் போல இணைத்தல் என்பது ஒரு பொருள்; மனத்தை ஒருமுகப்படுத்தல் என்பது மற்றொரு பொருள். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்துக்குப் பழைய உரை கண்ட வியாசர் பின்னதையே கொண்டனர். அந்நூல் நான்கு பாதங்களையும் ஏறக்குறைய 195 சூத்திரங்களையும் உடையது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என யோகத்துக்கு எட்டு உறுப்புக்கள் அதிற் கூறப்படுகின்றன. இவற்றுள் ஆசனத்தின் இலக்கணத்துக்கும் பயனுக்கும் ஒதுக்கப்பட்ட சூத்திரங்கள் மூன்றே! அவையும் உடலை வளைக்கும் வித்தைகளைப் பேசவில்லை. அசைவின்றியும் வருத்தமின்றியும் அமர்ந்திருத்தலையே பேசுகின்றன.

முதற்கண் நிற்பது இயமம். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர் பொருளை ஏலாமை என்னும் ஐந்தும் அதன்பாற்படும். இவ்வைந்தும் ஒருவன் பிறரோடு ஒழுகும் முறையைப் பற்றியனவாதல் கருதத்தக்கது. தனியறையிற் கதவடைத்துக்கொண்டு செய்யும் பயிற்சி யோகமெனக் கருதுவோர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். நம் தமிழில் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்குங்கால், இயமத்தைப் பத்தாகப் பெருக்கினார். நடுவுநிலை பிறழாமையும் உணவைப் பகிர்ந்துண்டலும் கள்ளுண்ணாமையும் அப்பத்தனுட் சேர்ந்தன. உணவைப் பகிர்ந்துண்பவனே யோகத்தின் வாயிலிற் காலெடுத்து வைக்கத் தக்கவன் என்றால், ஊரிலிருந்து வந்த பலகாரத்தைப் பெட்டியிற் பூட்டிவைக்கும் மாணவரது நிலை யாதாம்?

இம்முறை வைப்பின் பொருளை நாம் அறிந்துகொண்டது நூலாலன்று. நாம் மாணவர் விடுதியில் வாழ்ந்த நாளில், ஆசிரியர் எவரையும் நாடாது, புத்தகத்திற் கண்ட படத்தை மட்டுமே துணையாகக் கொண்டு சிரசாசனம் பழகத் துணிந்தோம். அறைத்தோழரும் உடன் தொடங்கினார். யார் மிகுதியாக நிற்பது என்னும் போட்டி எழுந்தது. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விநாடி எண்ணினோம். அவர் நம்மினும் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்ற நாளில், அவரோடு பேசவும் நமக்கு மனம் வரவில்லை. மூன்றாம் வாரத்திற் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பத்து நாள் தலையைத் திருப்ப இயலாது வகுப்பில் அமர்ந்திருந்தோம். இராத்தோறும் தைலந் தடவி விட்டவர் அத்தோழரே. உடலைத் தலைகீழாக நிறுத்தப் பழகிய நாம், பொறாமையைச் சிறிதும் அசைத்திலோம் என்பது அப்பொழுது விளங்கிற்று. சித்திகள் கைகூடுதலும் சமாதிக்கு இடையூறே என்று பதஞ்சலியார் தம் மூன்றாம் பாதத்தில் எச்சரிப்பர். நாமோ ஒரு நிமிஷத்துக்கே மயங்கினோம். (இரத்த அழுத்தம் மிக்கவரும் கழுத்து நோயாளரும் கண்ணில் நீரழுத்த நோயுடையவரும் சிரசாசனத்தை நாடாமை நலம், ஏனையோரும் ஆசிரியர் முன்னிலையிலேயே பழகுதல் வேண்டும்.)

இனி மூச்சைப் பற்றிச் சிறிது கூறுவாம். இருதயத்தை நோக்கி 'மெல்லத் துடி' என்று நாம் கட்டளையிட்டால் அது கேளாது, இரைப்பையும் அவ்வாறே. மூச்சோ நாம் நினையாதபொழுது தானே இயங்கும். நினைத்தபொழுது நமக்கு அடங்கும். வாளாவிருக்கும்போது வளர்ந்தோர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 20 முறை சுவாசிப்பர். அதனைக் குறைத்து, வெளிவிடும் மூச்சை நீட்டினால், மூளையிலிருந்து இருதயத்துக்குச் செல்லும் வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இருதயத் துடிப்பும் தணியும். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்த்தவாறே மெல்ல மூச்சு விடுவோர் பலர், உள்வாங்கும்போது நாடி விரைதலையும் வெளிவிடும்போது அது தளர்தலையும் தாமே அறியலாம். வினாத்தாள் கைக்கு வருமுன் நெஞ்சு படபடக்கும் மாணவர்க்கு இது கைம்மருந்து.

மூச்சு அடங்கிய பின்னரே மனத்தின் தொழில் தொடங்குகின்றது. ஒரு பொருளில் மனத்தை நிறுத்துதல் தாரணை. அமர்ந்து பார்த்தவர் அறிவர்: பத்து மூச்சு எண்ணி முடிக்குமுன் மனம் சந்தைக்கும் சொந்த ஊருக்கும் போய்வந்துவிடும். 'நமக்கு இது வாராது' என்று பலர் அங்கேயே எழுந்துவிடுகின்றனர். அவர் தவறு யாதெனில், மனம் ஓடாதிருத்தலே பயிற்சி என்று எண்ணுவது. ஓடியதை உணர்ந்து, சினவாது, மீட்டு வருதலே பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறை மீட்கும் வாய்ப்பு உண்டாயிற்று. நெடுங்காலம், இடையறாது, மதிப்போடு செய்யப்பட்ட அப்பியாசமே வேரூன்றும் என்பது பதஞ்சலியார் கருத்து. அங்ஙனம் மீட்டுப் பழகியவர், சுடுசொல் நாவின் நுனிக்கு வந்த கணத்திலும் அதனைக் கண்டுகொள்வர்.

இதற்கு ஒருவர் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். பி. கே. எஸ். ஐயங்கார் 1918-ஆம் ஆண்டில், விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவிய காலத்தில், மைசூர் நாட்டுப் பெள்ளூரென்னும் சிற்றூரில் பிறந்தார். பிறப்பிலேயே மெலிந்தவர், மலேரியாவும் காசநோயும் அவரை வருத்தின, ஒன்பதாம் வயதிலே தந்தையை இழந்தார். 1934-இல் தமக்கையின் கணவரும் யோகாசிரியருமான கிருஷ்ணமாச்சாரியார் அவரை மைசூருக்கு வருவித்தார். மூன்றாண்டுக்குப் பின் ஆசிரியராகப் பூனாவுக்கு அனுப்பப்பட்டார். 1966-இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது யோக நூலில் ஆசனப் படங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளனவாயினும், அவற்றுக்கு முன்னரே இயம நியமங்கள் விளக்கப்பட்டுள்ளன. 2014-ஆம் ஆண்டில், தமது 95-ஆம் வயதில் காலமானார்.

அவர் செய்த அரும்பணிகளுள் நம் உள்ளத்தைக் கவர்வது ஒன்று. தாம் நோயுற்று வளர்ந்தவராதலின், வளைய மாட்டாத உடலின் துயரை அவர் அறிவார். ஆதலால் முதியோரும் பிணியாளரும் பயிலுமாறு கயிறு, கட்டை, வார், மடித்த கம்பளம், நாற்காலி ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக அமைத்துத் தந்தார். தரையிற் குனிய இயலாத பாட்டியும் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு குனியலாயிற்று. விடுதியில் நம் ஒவ்வோர் அறையிலும் ஒரு கம்பளமும் ஒரு நாற்காலியும் உள்ளன.