வால்வு மாற்றியவர் ஊருக்குப் போகும்போது

எங்கள் காலனி நண்பர் ஒருவர் தங்கை மகள் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலி போயிருந்தார். நாலு வருஷம் முன்பு அவருக்குப் பெருந்தமனியின் அடிப்பகுதியையும் வால்வையும் மாற்றியிருந்தார்கள். ஊரில் ஐம்பது நாள். கல்யாண வேலை, குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீடுகள் என்று அலைந்ததில் ரத்தப் பரிசோதனை விட்டுப்போயிற்று. பல்வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையையும் விழுங்கியிருக்கிறார். டில்லி திரும்பும் ரயிலில், நாக்பூர் தாண்டியதும் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. போபாலில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தார்.

இதயத்தை விட்டு ரத்தம் வெளியேறும் வாசலில் பெருந்தமனி பலூன் போல் வீங்கிவிட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு. வால்வையும் செயற்கைக் குழாயையும் ஒன்றாகத் தைத்துப் பொருத்தி, இதயத் தசைக்குப் போகும் இரு ரத்தக் குழாய்களையும் அதில் இணைக்கும் முறையை லண்டனில் பென்டால், டி போனோ என்ற இரு நிபுணர்கள் 1968-ல் வெளியிட்டனர். சொந்த வால்வையே காப்பாற்றும் முறையை டொரான்டோவின் டாக்டர் டைரோன் டேவிட் 1992-ல் வெளியிட்டார். இதில் பிற்காலத்தில் வால்வு மறுபடி கசியக்கூடும். அதனால் எக்கோ பார்ப்பதை நிறுத்தக் கூடாது.

இயந்திர வால்வு வைத்தவர்களுக்குத்தான் மாத்திரைக் கவலை. வால்வில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், பக்கவாதமும் வரலாம். கூடினால் ரத்தப்போக்கு. ஐ.என்.ஆர். என்ற பரிசோதனைதான் அளவுகோல். பெருந்தமனி வால்வுக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் வைக்கச் சொல்வார்கள். இரண்டு மாத்திரைகளின் மில்லிகிராம் கணக்கும் ஒன்றல்ல. ஊர் மருந்துக் கடையில் "இதுவும் அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஆனால் இங்கே வாரம் ஒரு நாள் சாப்பிட்டவர், அம்மா வீட்டில் தினம் கீரை என்று மாறினால் மாத்திரையின் வேலை குறையும். வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், நாட்டு மருந்து எதுவானாலும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று காய்ச்சல். செயற்கை வால்வில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் கொடுப்பது அதனால்தான். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிடச் சொல்லுங்கள். தைத்த இடத்தில் வருஷங்கள் கழித்தும் வீக்கம் வரலாம், அதற்குத்தான் ஸ்கேன். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூச்சிரைப்பு, பேச்சுக் குழறல், வழக்கமான 'டிக் டிக்' சத்தம் மங்குவது இவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது.

வீக்கம் மார்ஃபன் போன்ற பரம்பரைக் கோளாறால் வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எக்கோ எடுக்க வேண்டும். பலர் கூச்சத்தில் உறவினரிடம் இதைச் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

நண்பர் இந்த வருஷமும் ஊருக்குப் போகிறார். எந்த வால்வு, எந்த மாத்திரை, கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. திருநெல்வேலியில் பரிசோதனைக்கான தேதிகளை அவர் மனைவி காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.