பலகை காட்டும் நலம்

வண்டி ஓட்டுபவருக்கு முன்னால் உள்ள பலகை, வேகத்தையும் எரிபொருளின் இருப்பையும் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. டேஷ்போர்டு என்னும் அதன் பெயரையே கணினித் துறையும் எடுத்துக்கொண்டது. பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும் தரவுகளைத் திரட்டி, ஒரே திரையில் எண்களாகவும் வரைபடங்களாகவும் காட்டும் ஏற்பாட்டை இன்று அப்பெயரால் குறிக்கிறோம். தமிழில் தரவுப் பலகை எனலாம். பணியாளர் நலத்திட்டம் நடத்தும் நிறுவனங்கள், எத்தனை பேர் உடற்பரிசோதனை செய்துகொண்டனர், எத்தனை பேர் உடற்பயிற்சிக் கூடத்திற்கு வந்தனர், மருத்துவச் செலவு எவ்வளவு என்பனவற்றை இத்தகைய பலகையில் கண்காணிக்கின்றன.

பலகையில் உள்ள எண் சரியாகவே இருந்தும் அதிலிருந்து பெறும் முடிவு பிழையாகலாம். திட்டத்தில் சேர்ந்தோரின் மருத்துவச் செலவு, சேராதோரின் செலவைவிடக் குறைவு எனத் திரை காட்டுவதாகக் கொள்வோம். திட்டம் வென்றது என்றே எவரும் எண்ணுவர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இவ்வெண்ணத்தைச் சோதித்தது. 4,834 பணியாளர்களை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பிரித்தனர். 3,300 பேருக்குத் திட்டத்தில் சேர அழைப்பு கிடைத்தது. எஞ்சியோருக்கு அழைப்பு இல்லை. அழைக்கப்பட்டவர்களிலும் அனைவரும் சேர்ந்துவிடவில்லை. சேர்ந்தோரையும் சேராதோரையும் ஒப்பிட்டபோது, முன்னவரின் நிலையே மேலாகத் தெரிந்தது. ஆனால், அழைக்கப்பட்ட பிரிவு முழுவதையும் அழைக்கப்படாத பிரிவோடு ஒப்பிட்டபோது, மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உடற்பரிசோதனை செய்துகொண்டோர் விகிதம் உயர்ந்திருந்தது.

காரணம் பின்னோக்கிப் பார்த்தபோது விளங்கியது. சேர்ந்தவர்கள், திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டிலேயே குறைவாகச் செலவழித்தவர்கள்; உடல்நலத்தில் முன்பே அக்கறை கொண்டவர்கள். நலமுடையோர் திட்டத்தைத் தேடி வந்ததைத் திட்டம் நலம் தந்ததாகப் பலகை காட்டிவிட்டது. எனவே, தொடங்கும் முன்பிருந்த நிலையையும் பங்கேற்காதோர் விவரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யாத பலகை, உரிமையாளரை மகிழ்விக்கலாமேயன்றி அவருக்கு வழிகாட்டாது.

பணியாளர் பக்கத்திலிருந்து எழும் அச்சம் வேறு. ஐவர் மட்டுமே பணிபுரியும் பிரிவில் 'நீரிழிவு உடையோர்: 1' எனத் திரை காட்டினால், அவர் யார் என்பதை ஊகிக்க நெடுநேரம் ஆகாது. பதவி உயர்வை முடிவு செய்யும் மேலாளரும் அதே திரையைப் பார்க்கக்கூடும். பெயரை நீக்கிவிட்டோம் என்னும் விளக்கம் இங்கே பயன்படாது. ஆகவே, நன்கு வடிவமைத்த பலகைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைந்த குழுக்களின் விவரங்களைத் தனியே காட்டாமல், பெரிய குழுவோடு சேர்த்தே காட்டுகின்றன.