தீவகக் கடலும் ஞாயிற்றொளியும்

புங்குடுதீவின் இறுப்பிட்டிக் கரையில், சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் வேளை நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அவ்வூர் ஏறத்தாழ 9.6 பாகை வட அகலக்கோட்டில் அமைந்திருத்தலே காரணம். ஆவணியில் அந்நிலை மீண்டும் நேரும். மார்கழியிலோ நண்பகல் ஞாயிறு 57 பாகை உயரமே ஏறும். பகற்பொழுதும் ஆனி மாதத்தினும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகக் குறையும்.

எனினும் இவ்வேறுபாடு பெரிதன்று. வளிமண்டல உச்சியை அடையும் நாட்கதிர்ச்சத்தி, சித்திரையினதில் ஆறில் ஐந்து பங்களவு மார்கழியிலும் உண்டு. 60 பாகை வடக்கிலோ அது கோடையினதில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வடகடல்களின் வசந்தகாலப் பிளாந்தன் பெருக்கத்தை, ஒளியையும் நீர் கலக்கும் ஆழத்தையும் கொண்டு நோர்வே அறிஞர் ஸ்வெர்ட்ரப் 1953இல் விளக்கினார். அவ்விளக்கம் ஆழமற்ற தீவகக் கடலுக்கு அப்படியே பொருந்தாது.

ஈண்டு ஒளியைக் கவர்வன முகிலும் கலங்கலுமே. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரிமுகில் வானை மூட, காற்றெழுப்பும் அலைகள் அடிச்சேற்றைக் கிளறுகின்றன. ஒளித்தொகுப்புக்கு உதவுவது ஞாயிற்றுச் சத்தியில் ஏறக்குறையப் பாதியே. அதுவும் சேற்றுநீரில் விரைந்து மங்குகிறது. மேலே மிதக்கும் பிளாந்தனுக்கு நட்டம் சிறிது. மழைவெள்ளம் கொணரும் ஊட்டம் அதனை ஈடுசெய்யவும் கூடும். அடியில் வேரூன்றி, மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் புகலிடமாகும் கடற்புல்லோ ஒளி தேடி இடம்பெயர இயலாதது. தை பிறந்து நீர் தெளியும்வரை அது காத்திருத்தல் வேண்டும்.

இழுவைமடி சேற்றைக் கிளறுமிடத்து, முகிலற்ற பங்குனியிலும் அப்புல் மாரியிருளையே காணும். அத்தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது.